குங்குமப்பூ ஊரின் சந்தை உரிமை

அவைத்தலைவர் அவர்களே, வரலாற்றில் ஈடுபாடு கொண்ட அன்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே ஏறத்தாழ 15 மைல் தொலைவில், சாஃப்ரன் வால்டன் என்னும் சிறிய சந்தை நகரம் இருக்கிறது. குங்குமப்பூவைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் அது. ஆனால் நான் இன்று அதைப் பற்றிப் பேச முன்வந்ததற்குக் காரணம் பூ அன்று. சந்தை யாருடையது, அதன் வருவாய் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வியை அந்த ஊர் எப்படிக் கையாண்டது என்பதே என்னை ஈர்த்தது.

12ஆம் நூற்றாண்டில் அரியணைக்காக ஸ்டீஃபன் மன்னரும் பேரரசி மெட்டில்டாவும் போரிட்டுக் கொண்டிருந்தபோது, ஜெஃப்ரி டி மாண்டவில் என்ற பிரபு இரு தரப்பிடமும் பேரம் பேசித் தன் செல்வாக்கைப் பெருக்கிக்கொண்டார். வால்டனில் அவருக்குக் கோட்டை இருந்தது. சந்தையோ பக்கத்து ஊரான நியூபோர்ட்டில் கூடியது. 1141இல் மெட்டில்டாவின் அனுமதியைப் பெற்று அந்தச் சந்தையையே தம் கோட்டைவாசலுக்கு மாற்றிக்கொண்டார். சந்தை கூடும் இடத்தில்தான் சுங்கமும் கடைவரியும் சேரும் என்பதை அறிந்தவர் அவர். நியூபோர்ட் மக்களிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. ஊர் சிப்பிங் வால்டன், அதாவது சந்தை வால்டன், என வழங்கலாயிற்று.

பிரபுவின் கையிலிருந்த அந்த உரிமை ஊராரின் கைக்கு வந்த கதைதான் எனக்கு முதன்மையானது. ஏழை எளியோருக்கான அறச்சாலை ஒன்றை 1400ஆம் ஆண்டிலேயே நிறுவிய ஊர் அது. கூடிச் செயல்படும் பழக்கம் அதற்குப் புதிதன்று. 1514இல் எட்டாம் ஹென்றி மன்னரின் சாசனத்தின்படி பரிசுத்த திரித்துவச் சங்கம் என்ற ஊர்ச் சங்கம் உருவாகி, சந்தையை நடத்தும் உரிமையைப் பெற்றது. அந்த முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் ஜோன் பிராட்பரி என்ற பெருமாட்டி. லண்டன் மேயராக இருந்தவரின் கைம்பெண்ணான அவர், உள்ளூர்ப் பாதிரியாரின் உடன்பிறந்தவர். ஊர்ப் பள்ளிக்கும் பின்னர் நிலையான வருவாய் அமைத்துக் கொடுத்தார். சமயச் சீர்திருத்தக் காலத்தில் இத்தகைய சங்கங்கள் கலைக்கப்பட்டபோதும் உரிமை கைநழுவவில்லை. 1549இல் ஆறாம் எட்வர்ட் அளித்த சாசனம் ஊர்மன்றத்தை நிறுவி அதைக் காத்தது.

இந்தக் காலத்தில்தான் குங்குமப்பூ ஊரின் செல்வமாயிற்று. சுண்ணாம்பு கலந்த, நீர் தேங்காத மண் அதற்கு ஏற்றதாக இருந்தது. கோடையில் கிழங்கு நட்டு, இலையுதிர்காலத்தில் பூ விரியும் நாட்களில், அதிகாலையிலேயே வயலில் இறங்கிப் பறிக்க வேண்டும். வெயில் ஏறினால் பூ வாடிவிடும். ஒரு பூவில் சிவந்த சூல்முடி மூன்றுதான். அவற்றைக் கையால் கிள்ளியெடுத்து, சிறு அடுப்பின் இளஞ்சூட்டில் உலர்த்தி, அழுத்தி அடைகளாக்கி விற்றார்கள். ஒரு கிலோ சேர்க்க ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சாயத்துக்கும் மருந்துக்கும் சமையலுக்கும் அது போயிற்று. புனித மேரி தேவாலயத்தின் கற்செதுக்கலில் கூட அந்தப் பூ இடம்பெற்றிருக்கிறது. ஆயினும் 18ஆம் நூற்றாண்டுக்குள் மலிவான இறக்குமதியும் மாறிய சுவையும் பயிரை விரட்டிவிட்டன. வயலில் பூ இல்லாமற் போன பிறகும் பெயர் மட்டும் அசையவில்லை. வாற்கோதுமையை முளைகட்டி மால்ட் ஆக்கும் தொழில் அதன் இடத்தைப் பிடித்தது.

அதே தேவாலயம் 1647இல் வேறொரு காட்சியையும் கண்டது. உள்நாட்டுப் போரில் முதலாம் சார்லஸ் மன்னரை வென்ற நாடாளுமன்றப் படை அப்பகுதியில் தங்கியிருந்தது. சம்பள பாக்கி தீராமல் கலைந்துபோகவோ, அயர்லாந்துக்குப் போகவோ படைவீரர்கள் மறுத்தார்கள். மே மாதத்தில் படைத்தளபதி ஆலிவர் கிராம்வெல் உள்ளிட்டோர் அந்தத் தேவாலயத்தில் படையதிகாரிகளைக் கூட்டிக் குறைகேட்டனர். வேலை வாங்கியவரிடம் கணக்குக் கேட்கும் துணிவு படைவீரனுக்கும் வந்திருந்த காலம் அது.

19ஆம் நூற்றாண்டின் வால்டனைப் புரிந்துகொள்ள குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரான கிப்சன் குடும்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசு திருச்சபையைச் சேராத குவேக்கர்களுக்குப் பல்கலைக்கழகப் பட்டமும் அரசுப் பதவியும் எட்டாக்கனியாக இருந்ததால், அறிவும் உழைப்பும் வணிகத்தில் இறங்கின. கிப்சன்கள் மால்ட் தொழிலில் சேர்த்த பொருள் வங்கியாயிற்று. அந்த வங்கி 1896இல் பார்க்ளேஸ் வங்கி நிறுவனத்தோடு இணைந்தது. 1835இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம், 1879இல் புதுப்பொலிவு பெற்ற நகர மண்டபம், அதே ஆண்டு இங்கு வந்தமர்ந்த குவேக்கர் பள்ளி, மருத்துவமனை என்று ஊரில் எங்கு திரும்பினாலும் அவர்களோ அவர்களுடைய சமய உறவினரோ தென்படுவார்கள். ஜார்ஜ் ஸ்டேசி கிப்சன் வங்கியாளர் மட்டுமல்லர். எசெக்ஸின் தாவரங்களைத் தொகுத்து 1862இல் நூல் வெளியிட்ட தாவரவியலாளரும் ஆவார். அவர்களின் கொடை மனமார்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் ஊரின் கடனும் கொடையும் ஒரே குடும்பத்தின் பெட்டியிலிருந்து வந்தது, சங்கத்தின் வழியே ஊரார் தாமே சந்தையை நடத்திய நிலைக்கு நேர் எதிரானது என்பதையும் சொல்லாமலிருக்க முடியாது.

கொடையை நம்பாத பொதுச்சொத்தும் அங்கே உண்டு. ஊரின் புல்வெளி பொதுநிலமாகவே இருக்கிறது. அதில் புல்லை வெட்டி அமைத்த சுழல்பாதை ஒன்று, இங்கிலாந்தில் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பெரியது, ஏறத்தாழ ஒரு மைல் நீளமுடையது. அதை யார் எப்போது வெட்டினார்கள் என்பதற்குச் சான்று இல்லை. 1699இல் ஊர்ப்பணத்தில் அதை மீண்டும் வெட்டிச் சீராக்கிய கணக்கு மட்டும் இருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் அதன் தோற்றத்தைப் பற்றிப் புனையும் கதைகளைவிட அந்தக் கணக்கு வரியே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

1865இல் வந்த கிளை இருப்புப்பாதையில் பயணிகள் வண்டி 1964இல் நின்றுபோயிற்று. இன்று லண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் வேலைக்குப் போவோர் பக்கத்திலுள்ள ஆட்லி எண்ட் நிலையத்துக்குப் போய் ரயில் ஏறுகிறார்கள். 2013இல் ஊரின் அரசுப் பள்ளி வளாகத்தில் பெரிய இசையரங்கம் ஒன்று திறந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒருவரின் கொடை அது. செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் நகர மண்டபத்தின் எதிரே கடைகள் போடப்படுகின்றன. பழமும் மீனும் ரொட்டியும் விற்போர் இடத்துக்குச் செலுத்தும் வாடகையை இப்போது வாங்குவது நகர மன்றம். அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்தக் கடைகளில் வாங்குகிற ஊரார்.