மழையை யார் எழுதிவைப்பது?

(கொடைக்கானலில் மாணவியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, பூண்டு வயலை ஒரு பொழுது விட்டுவிட்டுப் பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் வந்திருக்கும் பெரியவர்களே, வணக்கம்.

'காலநிலை மாற்றத்தைத் தாங்கும் நாடு: பல்கலைக்கழகங்களின் பங்கு' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். நாடு பெரியது; எனக்குத் தந்திருப்பதோ அரை மணி நேரம். மலையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இங்குள்ள சூரிய ஆய்வுக்கூடத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது எதனால் வந்தது தெரியுமா? பஞ்சத்தால். சென்னை மாகாணத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, பருவமழையைப் புரிந்துகொள்ளச் சூரியனை ஆராய வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1893-இல் கெல்வின் பிரபு தலைமையிலான குழு அதற்கு ஒரு கூடம் தேவை என்று முடிவு செய்தது. 1899-இல் அது கொடைக்கானலில் அமைந்தது. 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கேதான் கண்டறிந்தார். மழையைத் தேடிப் புறப்பட்டவர்கள் சூரியனோடு தங்கிவிட்டார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் நூறாண்டுக்கும் மேலாக, மேகம் விலகிய நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்தப் பிடிவாதம் லேசுப்பட்டதல்ல. அதில் கொஞ்சம் மழைக்கும் மண்ணுக்கும் வேண்டும் என்கிறேன்.

நீலகிரியைப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அது தென்மேற்குப் பருவமழை. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டது வடகிழக்குப் பருவமழையில். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு மழைக்காலம், இரண்டு ஆபத்து. மாவட்டச் சராசரியை வைத்துக்கொண்டு கோத்தகிரிக்காரர் என்ன செய்வார்? நம் மலையிலும் தாண்டிக்குடியில் பெய்யும் மழை வேறு, கவுஞ்சியில் பெய்யும் மழை வேறு.

பல்கலைக்கழகங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. நம் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதாண்டுகளில் போய்விட்டது என்று 2018-இல் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டினார்கள். அந்த இடத்தைப் பிடித்தவை வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் விவசாயமும். 'மரம் வளர்ப்போம்' என்று பள்ளியில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவன் நான். எந்த மரம், எந்த இடத்தில் என்று ஒரு வரிகூட அதில் இல்லை! புல்வெளியும் சோலையும் சேர்ந்து மழையைப் பிடித்து மெல்ல விடுவதால்தான் கோடையிலும் ஓடையில் தண்ணீர் இருக்கிறது என்பதை வெகுகாலம் கழித்தே தெரிந்துகொண்டேன்.

என் குறை வேறு. எங்கள் ஊருக்கு ஆய்வு செய்ய ஒரு பெண் வந்தாள். பூண்டு எத்தனை மூட்டை, உறைபனி எந்த மாதம் என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். என் அக்கா காப்பி போட்டுக் கொடுத்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அவள் பட்டம் வாங்கிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். ஆய்வேடு ஆங்கிலத்தில் ஏதோ ஒரு நூலகத்தில் இருக்கிறது. "அந்தப் பெண் என்னதான் கண்டுபிடித்தாளாம்?" என்று அக்கா இன்னும் கேட்கிறார். நம் ஊர்ச் செய்தி மலையிறங்கிப் போகிறது. திரும்பி ஏறி வருவதில்லை.

ஓர் ஆய்வுத் திட்டம் மூன்று ஆண்டில் முடிந்துவிடும். ஓரிடத்தின் காலநிலையைச் சொல்ல வானிலையாளர்கள் முப்பது ஆண்டுக் கணக்குக் கேட்கிறார்கள். தனி மனிதரால் ஆகிற காரியமா அது? பேராசிரியர் ஓய்வு பெறுவார், பல்கலைக்கழகம் ஓய்வு பெறாது. இந்த மலைமேலேயே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984 முதல் இருக்கிறது. ஊருக்கு ஒரு மாணவி, காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதட்டும். அவள் படிப்பை முடித்துப் போனால் அடுத்தவள் எழுதட்டும். அதே எண்ணைச் சுண்ணக்கட்டியால் டீக்கடைப் பலகையிலும் எழுதட்டும், அக்கா படித்துக்கொள்வார்.

மழைமானி ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். பூம்பாறையிலிருந்து வரும் மாணவி யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.