மாஷ்: 46-ஆம் இடத்திலிருந்து 60.2 வரை

[திரையில்: கறுப்புப் பின்னணி. இரண்டு எண்கள் மட்டும். 105.9, 106.5]

2010 பிப்ரவரியில் அமெரிக்க டிவி உலகத்தில் ஒரே பேச்சு. அந்த வருஷ சூப்பர் பவுலை, அதாவது அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டத்தை, 10 கோடியே 65 லட்சம் பேர் (106.5 மில்லியன்) பார்த்துவிட்டார்கள், 27 வருஷமாக அசையாமல் நின்ற சாதனை உடைந்துவிட்டது என்று. அந்தப் பழைய சாதனை இன்னொரு விளையாட்டுடையது இல்லை. 1983-இல் முடிந்த ஒரு சிட்காமின், அதாவது நகைச்சுவைத் தொடரின், கடைசி எபிசோடு. அதைப் பார்த்தவர்கள் 10 கோடியே 59 லட்சம்.

ஆறு லட்சம் தலை கூடுதல். அவ்வளவுதானே, சாதனை போய்விட்டதா? பாதிதான் போனது.

[திரையில்: எண்கள் மாறுகின்றன. 60.2, 45.0]

அமெரிக்க டிவிக்காரர்கள் 'ரேட்டிங்' என்று சொல்வது தலைகளின் எண்ணிக்கை இல்லை. டிவி இருக்கும் வீடுகளில் நூற்றுக்கு எத்தனை வீடு பார்த்தது என்ற கணக்கு. அதில் அந்த சூப்பர் பவுலுக்குக் கிடைத்தது 45. சிட்காமுக்குக் கிடைத்தது 60.2. நடுவில் 27 வருஷத்தில் நாடு பெருத்துவிட்டது, டிவி வீடுகளும் பெருகிவிட்டன. தலையை எண்ணினால் ஆட்டம் ஜெயித்தது. நூற்றுக்கு எத்தனை வீடு என்று பார்த்தால் சிட்காம் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

அந்த சிட்காமின் பெயர் 'மாஷ்'. கேரளத்தில் வாத்தியாரைக் கூப்பிடும் மாஷ் இல்லை. நடமாடும் ராணுவ அறுவை மருத்துவமனை என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். கொரியப் போரில் சண்டை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடித்து, அடிபட்டு வரும் சிப்பாய்களை அங்கேயே அறுத்துத் தைத்து அனுப்பிய மருத்துவமனைகள் உண்மையிலேயே இருந்தன. டிவியில் வந்த 4077-ஆவது பிரிவு மட்டும் கற்பனை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. அதே போரில் இந்தியாவின் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவும் வேலை பார்த்தது. தலைமை தாங்கியவர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ், நம்ம ஊர் டாக்டர். 1951 மார்ச்சில் அமெரிக்க வான்குடைப் படையோடு சேர்ந்து விமானத்திலிருந்து குதித்துப் போய் வைத்தியம் பார்த்தவர். மகாவீர் சக்கரம் வாங்கியவர். அவரைப் பற்றித் தனி வீடியோவே போடலாம்.

சரி, மாஷுக்கு வருவோம்.

[திரையில்: 17 செப்டம்பர் 1972 – 28 பிப்ரவரி 1983]

சிபிஎஸ் சேனல், 11 சீசன், 256 எபிசோடு. நிஜப் போர் 37 மாதத்தில் முடிந்துவிட்டது, சீரியல் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. கதை நடப்பது கொரியாவில். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வீட்டுப் பையன்கள் ஆரம்பத்தில் வியட்நாமில் இருந்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் புரிந்துதான் இருந்தது.

இனி, அந்த ரேட்டிங்கை எப்படி எடுத்தார்கள்? நீல்சன் என்ற நிறுவனம் நாடு முழுக்கச் சுமார் 1,200 வீடுகளில் டிவியோடு ஒரு மீட்டரை இணைத்து வைத்திருந்தது. எந்த நேரத்தில் எந்த சேனல் ஓடியது என்று அது குறித்துக்கொள்ளும். யார் பார்த்தார்கள் என்பது மீட்டருக்குத் தெரியாது. அதற்கு வேறு சில வீடுகளில் டைரி கொடுத்து எழுதச் சொன்னார்கள். எட்டுக் கோடி டிவி வீடுகள் இருந்த நாட்டுக்கு 1,200 வீடு போதுமா என்றால், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் பதில். பானையை நன்றாகக் கிளறிவிட்டு எடுத்திருக்க வேண்டும், அது முக்கியம்.

[திரையில்: நூறு வீடுகள் கொண்ட ஒரு தெரு. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன]

இதை ஒரு தெருவாக நினைத்துக்கொள்ளுங்கள். நூறு வீடு, நூறிலும் டிவி. ராத்திரி ஒன்பது மணிக்கு 78 வீட்டில் டிவி ஓடுகிறது. அதில் 60 வீட்டில் மாஷ். அப்போது ரேட்டிங் 60. ஓடும் டிவிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் 78-க்கு 60, அதாவது நூற்றுக்கு 77. இதற்குப் பெயர் ஷேர். கடைசி எபிசோடின் நிஜ எண்களும் இவைதான்: ரேட்டிங் 60.2, ஷேர் 77.

ஆனால் பதம் பார்க்கும் கணக்கில் ஒரு தடுமாற்றம் எப்போதும் உண்டு. 1,200 வீட்டை வைத்து 25 என்று ஒரு ரேட்டிங் வந்தால், நிஜம் 22.5-லிருந்து 27.5 வரைக்கும் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். புள்ளியியல் படித்தவர்கள் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆக, இந்த வாரம் 25, போன வாரம் 26.5, கதை மட்டமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பத் தேவையில்லை. தனி எபிசோடின் எண் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு சீசன் முழுக்கக் கூட்டிச் சராசரி போட்டால்தான் ஏதோ தெரியும்.

அப்படிப் பார்த்தால் மாஷின் முதல் சீசன் படுதோல்வி. ஞாயிறு ராத்திரி எட்டு மணி. ஒரு சேனலில் டிஸ்னி, இன்னொன்றில் எஃப்பிஐ துப்பறியும் தொடர். இரண்டுக்கும் நடுவில் இது. வருஷ முடிவில் கிடைத்தது 46-ஆம் இடம். அந்த இடத்தில் இருக்கும் தொடரைச் சத்தமில்லாமல் தூக்கிவிடுவதுதான் வழக்கம்.

தூக்கவில்லை. இடத்தை மாற்றினார்கள். இரண்டாம் சீசனில் சனிக்கிழமை எட்டரை மணிக்கு வைத்தார்கள். எட்டு மணிக்கு வந்தது 'ஆல் இன் தி ஃபேமிலி', அன்றைக்கு நாட்டிலேயே நம்பர் ஒன். அது முடிந்ததும் எழுந்து போய் சேனலைத் திருப்ப வேண்டுமே, அதற்குச் சோம்பல்பட்டவர்கள் மாஷைப் பார்த்தார்கள். ரேட்டிங் 25.7, நாலாம் இடம். அதே டாக்டர்கள், அதே கூடாரம், எழுத்தாளர் லாரி கெல்பார்ட்டும் அவரேதான். முதல் சீசனை விட இரண்டாவது நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 42 இடம் தாண்டிக் குதிக்கிற அளவுக்கா?

நாலாம் சீசனில் தலைகீழ். வெள்ளிக்கிழமைக்குத் தள்ளினார்கள், பாதியில் செவ்வாய்க்கு மாற்றினார்கள். சராசரி 22.9-க்கு இறங்கி, முதல் பத்துக்கு வெளியே போய்விட்டது. முக்கிய நடிகர்கள் இரண்டு பேர் விலகியதும் அந்தச் சமயத்தில்தான். அதனால் பழியை நடிகர் மாற்றத்தின் மேல் போடுவார்கள். அடுத்த சீசனில் அதே புது நடிகர்களோடு 25.9 வந்து மறுபடி நாலாம் இடம். பழி எங்கே போகும்?

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள்.

[திரையில்: சீசன் 3: 27.4, 5-ஆம் இடம். சீசன் 11: 22.6, 3-ஆம் இடம்]

மாஷின் மிக உயர்ந்த சீசன் சராசரி 27.4. அந்த வருஷம் கிடைத்தது ஐந்தாம் இடம். கடைசி சீசனின் சராசரி 22.6. அந்த வருஷம் மூன்றாம் இடம், அதுவும் மேக்னம் துப்பறியும் தொடரோடு சமமாக. மார்க் குறைந்தது, ரேங்க் ஏறியது. 1983 வருவதற்குள் கேபிள் டிவி வீட்டுக்குள் வந்துவிட்டது, மூன்று பெரிய சேனல்களின் கூட்டமும் கரையத் தொடங்கிவிட்டது. எல்லார் மார்க்கும் இறங்கும்போது, மெதுவாக இறங்கியவன் முன்னால் வந்துவிடுகிறான்.

இதுவரை சொன்னது மீட்டர் போட்ட மார்க். இன்னொரு மார்க் இருக்கிறது. இன்றைக்கு ரசிகர்கள் எபிசோடு எபிசோடாகப் பத்துக்கு இத்தனை என்று போடுவது. இரண்டுக்கும் ரேட்டிங் என்றே பெயர். ஆனால் எத்தனை வீடு பார்த்தது என்பது ஒரு கேள்வி, பார்த்தவர் மனசில் என்ன தங்கியது என்பது வேறு கேள்வி. மாஷ் விஷயத்தில் இரண்டு பதிலும் அடிக்கடி ஒத்துப்போவதில்லை.

1973 ஜனவரியில் வந்த ஒரு எபிசோடு. கதாநாயகன் ஹாக்ஐயின் பழைய நண்பன் போரைப் பற்றிப் புத்தகம் எழுதுவதற்காகவே சிப்பாயாகச் சேர்ந்திருக்கிறான். சினிமாவில் வருவது மாதிரி குண்டு வரும் சத்தமெல்லாம் கேட்பதில்லை என்று சொல்லிச் சிரிக்கிறான். அடுத்த தடவை ஹாக்ஐயின் மேஜைக்கு அடிபட்டு வருகிறான், அங்கேயே சாகிறான். தொடர் அதுவரை கிண்டலும் கூத்துமாக ஓடிக்கொண்டிருந்தது. மாஷ் என்றால் என்ன என்பதை அந்த அரைமணி நேரம்தான் தீர்மானித்தது என்று ரசிகர்கள் சொல்வார்கள், எனக்கும் அதே அபிப்பிராயம்தான். அது வந்தது 46-ஆம் இடத்து சீசனில். பெரும்பாலான வீடுகள் அன்றைக்கு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

[திரையில்: 18 மார்ச் 1975]

அடுத்தது மூன்றாம் சீசனின் கடைசி எபிசோடு. நடிகர் மெக்லீன் ஸ்டீவன்சன் தொடரை விட்டு விலகுகிறார். அவர் நடித்த மருத்துவமனைத் தலைவர் ஹென்றி பிளேக்குக்கு ராணுவத்திலிருந்து விடுதலை. விருந்து, கட்டிப்பிடிப்பு, ஹெலிகாப்டர், டாட்டா. வழக்கமான சிட்காம் பிரிவு உபசாரம். எல்லாம் எடுத்து முடித்த பிறகு கெல்பார்ட் ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்தார். பெரும்பாலான நடிகர்கள் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. அறுவை நடக்கும் கூடாரத்துக்குள் ரேடார் என்ற எழுத்தர் பையன் முகக்கவசம் கூடப் போடாமல் வருகிறான். பிளேக் போன விமானம் ஜப்பான் கடல் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று வாசிக்கிறான். யாரும் அழுது புரளவில்லை. கைகள் தையல் போட்டுக்கொண்டே இருக்கின்றன. எங்கோ ஒரு கருவி தரையில் விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. அது திட்டமிட்டது இல்லை, எடுக்கும்போது தானாக விழுந்தது. அப்படியே விட்டுவிட்டார்கள்.

கோபக் கடிதங்கள் குவிந்தன. சிரிக்க உட்கார்ந்த எங்களை ஏன் அழ வைத்தீர்கள் என்று. ரசிகர்களின் மதிப்பெண் பட்டியலில் இன்றைக்கும் உச்சியில் நிற்பவற்றில் இது ஒன்று. மீட்டருக்கு இதெல்லாம் தெரியாது. செவ்வாய் ராத்திரி டிவி ஓடியது என்று குறித்துக்கொண்டது.

அப்புறம் சோதனை முயற்சிகள். ஒரு நிஜச் செய்தியாளரை உள்ளே விட்டு, கறுப்பு வெள்ளையில், பாத்திரங்களைப் பேட்டி எடுக்க வைத்த எபிசோடு. தொண்டையில் அடிபட்டுப் பேச முடியாத சிப்பாயின் கண் வழியாகவே முழுக்கக் காட்டிய எபிசோடு. திரை மூலையில் கடிகாரம் ஓட, ஓர் உயிரைக் காப்பாற்ற இருக்கும் நிமிஷங்களை நிஜ நேரத்திலேயே காட்டிய எபிசோடு. ஒரு சிட்காமுக்கு இந்தத் துணிச்சல் எப்படி வந்தது? பேட்டி எபிசோடு வந்தது முதல் பத்துக்கு வெளியே போன நாலாம் சீசனில். மற்ற இரண்டுக்கும், முதல் பத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்ததால் வந்தது. மீட்டருக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

பதிவு செய்த சிரிப்புச் சத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. சிபிஎஸ் அது வேண்டும் என்று அடம்பிடித்தது, எழுதியவர்கள் வேண்டாம் என்றார்கள். கடைசியில், அறுவைக் கூடாரக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு வராது என்று உடன்பாடு. பிரிட்டனில் பிபிசி அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டே ஒளிபரப்பியது. ஒரே எபிசோடுக்கு ஒரு பிரிட்டிஷ்காரரும் ஓர் அமெரிக்கரும் மார்க் போட்டால், அவர்கள் பார்த்தது ஒரே பொருள்தானா என்று எனக்குச் சந்தேகம்.

[திரையில்: 28 பிப்ரவரி 1983, திங்கள், இரவு 8.30]

இப்போது அந்த 60.2. இரண்டரை மணி நேர எபிசோடு, இயக்கம் ஹாக்ஐயாக நடித்த ஆலன் ஆல்டாவே. சிட்காம் வரலாற்றில் அதிகம் பேர் பார்த்த இந்த எபிசோடு ஒரு மனநல மருத்துவமனையில் தொடங்குகிறது. படப்பிடிப்பு நடந்த மாலிபு மலையில் 1982 அக்டோபரில் காட்டுத் தீ வந்து செட்டே எரிந்தது. அதையும் கதைக்குள் சேர்த்துவிட்டார்கள். 30 வினாடி விளம்பரத்துக்கு நாலரை லட்சம் டாலர், அந்த வருஷ சூப்பர் பவுலை விட அதிகம்.

அமெரிக்காவில் அன்றைக்கு டிவி வீடுகள் 8 கோடியே 33 லட்சம். அதில் 60.2 சதவீதம் என்றால் 5 கோடி வீடு. 10 கோடியே 59 லட்சம் பேரை அதில் வகுத்தால், சராசரியாக வீட்டுக்கு இரண்டு பேருக்கு மேல். அதாவது பல வீடுகளில் ஒருவருக்கு மேல் சேர்ந்து பார்த்தார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது, வீடியோ ரெக்கார்டர் இருந்த வீடு குறைவு. மாற்றித் திருப்பினால் வேறு இரண்டு பெரிய சேனல். 11 வருஷப் பழக்கம் வேறு. அந்த ராத்திரி மறுபடி அமையாது.

சிபிஎஸ் அமையும் என்று நினைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 'ஆஃப்டர் மாஷ்' என்று ஒரு தொடர். மாஷில் நடித்த மூன்று பேர், போர் முடிந்த பிறகு முன்னாள் ராணுவத்தினருக்கான ஒரு மருத்துவமனையில். மாஷ் வந்த அதே திங்கள், அதே ஒன்பது மணி. முதல் வருஷம் முதல் 20-க்குள் வந்தது. இரண்டாம் வருஷம் அதைச் செவ்வாய்க்கிழமை 'ஏ டீம்' சண்டைத் தொடருக்கு எதிரில் வைத்தார்கள். டிசம்பருக்குள் நிறுத்திவிட்டார்கள்.