கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியது யார்?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். சமூகப்பணி படிக்கும் மாணவ மாணவியருக்காக, சமூகப் புத்தாக்கத்தை, அதாவது மக்களின் சிக்கலைத் தீர்க்க வரும் புதிய வழியை, சமூகவியல் கண்கொண்டு எப்படிப் படிப்பது என்று பேச அழைத்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பாடத்தை நடத்தி வருகிறேன். வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்குப் போய்விட்டு வந்து மாணவர்கள் எழுதும் அறிக்கைகளைத் திருத்துவதில்தான் என் நேரத்தில் பாதி கழிகிறது. அதனால் ஓர் அறிக்கையிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலாமாண்டு மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்: "கிராமத்தில் பன்னிரண்டு பெண்களுக்காக நான்கு தையல் மெஷின்கள் வழங்கப்பட்டுள்ளன. இது ஒரு சமூகப் புத்தாக்கம். இதன்மூலம் பெண்கள் அதிகாரம் பெற்றுள்ளனர்." அவ்வளவுதான். நான் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி எழுதிக் கொடுத்தேன்: "மெஷின் எந்த வீட்டில் இருக்கிறது?" அவளுக்குத் தெரியவில்லை.

இப்படிக் கேட்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது புதுக்கோட்டை.

1991-இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாலை வேளையில், வேலை முடிந்து வந்த பெண்களைத் தெருவிளக்கடியிலும் திண்ணையிலும் உட்காரவைத்து எழுத்தறிவிக்கிற இயக்கம். சொல்லிக்கொடுத்த தொண்டர்களிலும் பெண்கள் நிறையப் பேர். உள்ளடங்கிய ஊர்களுக்கு அவர்கள் எப்படிப் போவார்கள்? பஸ் எப்போதோ ஒன்று வரும். இருட்டிய பிறகு அதுவும் இல்லை. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் ஓட்டக் கற்பதையும் எழுத்தறிவு இயக்கத்தின் ஒரு பகுதியாகச் சேர்த்தார். பெண்களுக்குச் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகளை நெருக்கினார். முதலில் தொண்டர்கள் கற்றார்கள். அவர்களைப் பார்த்து, அவர்களிடம் 'அ'னா 'ஆ'வன்னா படித்தவர்களும் ஏறினார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், முஸ்லிம் பெண்கள் என்று எல்லோரும். 1992-இல் மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். பதின்மூன்று லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள்தொகை கொண்ட மாவட்டத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்.

பல ஆண்டுகள் கழித்துக் கீரனூர்ப் பக்கம் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். முழங்காலில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. சேலையைச் சற்றே ஒதுக்கி, ஏதோ பதக்கத்தைக் காட்டுவதுபோல அதைக் காட்டினார். வறண்டு கிடந்த கண்மாய்க்குள்தான் ஓட்டிப் பழகினாராம். ரோட்டில் விழுந்தால் நாலு பேர் சிரிப்பார்கள், கண்மாய்க்குள் விழுந்தால் யாருக்கும் தெரியாது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காததால் பார் வைத்த ஆம்பளை சைக்கிள்தான். "கேரியரைப் பிடிச்சுக்கிட்டு யாரும்மா ஓடினா?" என்று கேட்டேன். "எம் மவன்தான். அப்ப அவனுக்குப் பத்து வயசு. குரங்குப் பெடல் போட்டு அவன் ஏற்கெனவே பழகியிருந்தான்." புருஷன்? "அவுக கண்மாய்க் கரையில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாக. தடுக்கல. வந்து புடிக்கவும் இல்ல." பிறகு அந்தப் பாரில் சின்ன மகளை உட்காரவைத்துக்கொண்டு, பின்னால் குடத்தைக் கட்டித் தண்ணீர் எடுத்து வந்திருக்கிறார்.

மாணவர்களே, இந்த இரண்டு நிமிடப் பேச்சை நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். சைக்கிள் புதிய பொருளா? அந்த அம்மா பிறப்பதற்கு முன்பே வாடகைச் சைக்கிள் கடை வந்துவிட்டது. ஆனால் பெண் அதில் ஏறக்கூடாது என்ற வழக்கம் அப்படியே நின்றது. பொருள் முன்னால் ஓடும், மனிதர்களின் வழக்கம் பின்தங்கி வரும் என்று வில்லியம் ஆக்பர்ன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1922-இல் எழுதினார். பண்பாட்டுப் பின்தங்கல் என்று பாடத்தில் படிக்கிறீர்களே, அதுதான். புதுக்கோட்டையில் புதிதாக வந்தது சைக்கிள் அல்ல, ஏறலாம் என்கிற அனுமதி. அந்த அனுமதியையும் தனியாக எந்தப் பெண்ணும் கேட்கவில்லை. ஊரே பார்க்கக் கூட்டமாக ஏறினார்கள். போட்டி வைத்தார்கள், பாட்டுக் கட்டினார்கள். ஒருத்தி ஏறியிருந்தால் "அவ ஒரு மாதிரி" என்று பேச்சு வந்திருக்கும். நானூறு பேர் ஏறினால் யாரை என்று சொல்வது? அப்படியும் கேலி பேசினார்கள்தான். அதைப் பங்குபோட்டுத் தாங்கிக்கொள்ள ஆள் இருந்தது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தமிழ்நாட்டின் பல கிராமங்களில் தலித் மக்கள் ஆதிக்கச் சாதியினர் தெருவில் சைக்கிளை ஓட்டிப் போக முடியாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கொடுமை இருந்தது. இரண்டு சக்கரமும் ஒரு செயினும் கொண்ட பொருளுக்குள் சாதியும் இருந்தது, ஆண் பெண் என்பதும் இருந்தது. ஒரு புத்தாக்கத்தை யார் பயன்படுத்தினார்கள் என்று எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். எந்தத் தெரு வழியாகப் போனார்கள் என்றும் கேளுங்கள்.

புதியது எப்படிப் பரவுகிறது என்பதற்கு எவரெட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1962-இல் கொடுத்த வரைபடத்தைத் தேர்வுக்காக எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். நூறு பேரில் முதலில் துணிகிறவர்கள் இரண்டரைப் பேர், அடுத்து வருகிறவர்கள் பதின்மூன்றரை, கடைசியில் வருகிற பதினாறு பேர் பின்தங்கியவர்கள். பயனுள்ள கருத்துதான், மறுக்கவில்லை. ஆனால் 'பின்தங்கியவர்கள்' என்ற அந்தச் சொல்லைக் களத்துக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று என் மாணவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். 1995 வாக்கில் ஒரு சைக்கிள் சுமார் 1,400 ரூபாய். ஆசை இருந்தும் வாங்க முடியாமல் நின்ற பெண்கள் அப்போது நிறைய. கூலிக்குப் போகிறவள் 1,400 ரூபாய்க்கு எங்கே போவாள்? அவள் மனத்தில் பின்தங்கல் எதுவும் இல்லை.

அதே புதுக்கோட்டையில் அதே காலத்தில் இன்னொரு முயற்சியும் நடந்தது. கல்குவாரிக் குத்தகையை, அங்கே கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே கொடுத்தார்கள். என் கணக்கில் சைக்கிளைவிட இது ஆழமான மாற்றம். ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சைக்கிள் யாருடைய வருமானத்தையும் பிடுங்கவில்லை. குவாரி, ஒப்பந்தக்காரரின் மடியில் கை வைத்தது. அவர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்த்தார்கள். யாருக்கும் நட்டமில்லாத புத்தாக்கத்துக்குக் கைதட்டல் எளிதில் கிடைக்கும். நீங்கள் போகிற களத்தில் ஒரு திட்டத்தைப் பற்றி எல்லோருமே நல்லதாகச் சொன்னால், கொஞ்சம் சந்தேகத்தோடு இன்னும் இரண்டு வீடு தள்ளிப் போய் விசாரியுங்கள்.

அடுத்து, ஆட்சியர் மாறிப் போன பிறகு என்ன ஆகிறது? ஒருவருடைய ஆளுமையால் எழுந்தது, விதியாகவும் அலுவலகமாகவும் ஆகாவிட்டால் நிலைக்காது என்று ஜெர்மன் சமூகவியலாளர் மேக்ஸ் வெபர் சொன்னார். பின்னாளில் தமிழ்நாட்டு அரசு பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் திட்டம் வந்தது. அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள் என்று கண்டார்கள். அங்கேயும் பிள்ளைகள் கூட்டமாக, சீருடையில், ஒரே நேரத்தில் ரோட்டில் போனார்கள். கண்மாயில் மறைவாக விழுந்து எழுந்த அம்மாவுக்கும் ரோட்டில் அணியணியாகப் போன பீகார்ப் பெண்ணுக்கும் நடுவில் நீளும் அந்தத் தூரத்தைத்தான் நாம் படிக்கிறோம்.

அந்த மாணவி மறுவாரம் கொண்டுவந்த அறிக்கையைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். இந்த முறை ஆறு பக்கம். நான்கு மெஷினும் குழுத் தலைவி வீட்டு முன்னறையில் இருக்கின்றன. தலைவியின் கணவர் காலையில் வேலைக்குப் புறப்பட்ட பிறகுதான் மற்றப் பெண்கள் உள்ளே வருகிறார்கள், நாலு மணிக்குள் எழுந்து போய்விடுகிறார்கள். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர்தான் வருகிறார்கள். வராத நாலு பேரும் காலனியைச் சேர்ந்தவர்கள். தலைவி வீட்டுத் தெருவுக்குள் அவர்கள் போவதில்லை. "ஏன் வரலை?" என்று கேட்டதற்கு நாலு பேருமே "எங்களுக்குத் தைக்க வராது" என்றார்களாம். அதில் ஒருத்தி கல்யாணத்துக்கு முன்பு திருப்பூரில் மூன்று வருடம் பனியன் கம்பெனியில் தைத்தவள்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அடுத்த வாரத் திட்டம் எழுதியிருந்தாள். பன்னிரண்டு பேரையும் வைத்துக் கூட்டம். நாள் போட்டிருந்தாள், நேரம் போட்டிருந்தாள். இடம் என்று எழுதி, அதன் எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். "மேடம், இந்த இடத்தைத்தான் ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள்.

நன்றி, வணக்கம்.