தலை அசைய அம்பு நகரும்

நேயர்களுக்கு வணக்கம். பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்து, கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுக் கட்டிலோடு கிடப்பவரைக் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் நீங்கள் பார்த்திருக்கலாம். கை அசையாது, தலை அசையும். அந்தத் தலையே கம்ப்யூட்டருக்கு மவுஸ் ஆகும். கழுத்தை அசைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

லேப்டாப்பில் இருக்கிற கேமராவே போதும். ஈவியாகாம், கேமரா மவுஸ் இரண்டும் இலவச மென்பொருள்கள். கேமரா மவுஸ் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் உருவானது. அதில் மூக்கு நுனி மாதிரி ஒரு புள்ளியை நாமே காட்டிக்கொடுக்கணும். நொடிக்கு 30 படம் எடுத்து, அந்தப் புள்ளி எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் திரையில் இருக்கிற மவுஸ் அம்பை நகர்த்தும். தலையை வெடுக்கென்று திருப்பினால் பிடி நழுவிக் கன்னத்துக்குப் போய்விடும். புருவத்துக்கு நடுவே ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி அதைக் காட்டினால் பிடி நன்றாக நிற்கும். ஆண்களும் ஒட்டலாம், தப்பில்லை!

பலரும் தடுமாறுவது வெளிச்சத்தில். கட்டிலுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் முகம் கறுத்துவிடும். ஆனி மழையில் சாயங்காலம் நாலு மணிக்கே அறை இருட்டிவிடுகிறதே, அப்போது கேமரா ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுக்கும். 30 படம் 15 ஆகும், முகம் கலங்கும், அம்பு தயங்கித் தயங்கி வரும். சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு என்று அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். டியூப்லைட்டைப் போட்டுக் கட்டிலைத் திருப்பினால் தீர்ந்தது. படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறதா? நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கேமரா செட்டிங் 60-இல் இருக்கும், அதை 50-க்கு மாற்றுங்கள். மறுபடியும் சொல்கிறேன், வெளிச்சம் முகத்துக்கு முன்னாலிருந்து வரணும்.

அப்புறம் கொசுவலை. கேமரா முகத்தை விட்டுவிட்டு வலையின் நூலைப் பிடித்துக்கொள்ளும். ஃபேன் காற்றில் வலை ஆட, தலை அசையாமலே அம்பு ஆடும். வலையைத் தூக்கிக் கட்டிவிடுங்கள்.

க்ளிக் பண்ண, அம்பை ஓரிடத்தில் நிறுத்தினால் போதும். அந்த நேரத்தை முதலில் ஒன்றரை நொடி வையுங்கள், பழகினபின் குறைக்கலாம். பக்கவாட்டில் திருப்புவதைவிடத் தலையை மேலே கீழே அசைப்பது சிரமமென்றால், மேல்கீழ் வேகத்தை மட்டும் கூட்டுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கழுத்துக்கு ஓய்வு.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். கண்ணைப் பற்றி அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். தலையும் அசையாதவருக்குக் கண் மவுஸ், அதாவது பார்வையாலேயே அம்பை நகர்த்தும் கருவி. அகச்சிவப்பு விளக்கு கண்ணில் விழுந்து மின்னும் புள்ளியையும் கண்ணின் நடுவே இருக்கிற பாப்பாவையும் வைத்துப் பார்வையைக் கணக்கிடும். 60 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி பிசகினால் திரையில் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போகும். அதனால் பெரிய பெரிய பொத்தான் வேண்டும். பார்த்ததெல்லாம் அமுங்குவது இன்னொரு தொல்லை, பஸ்மாசுரன் கை வைத்த கதைதான். இதற்கும் ஒரு நொடி நிறுத்தம் உண்டு. நேர்வெயில் விழும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், அந்த மின்னும் புள்ளி வெயிலில் மறைந்துவிடும். வணக்கம்.