ஃபயர் ஜயன்ட் வாளை யார் தூக்குவது?

வணக்கம் மக்களே. கோத்தகிரியில் மூன்று நாளாக மழை. தகரக் கூரைச் சத்தம் மைக்கில் விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆட்டம் ஒரு வாளால் அரை மணி நேரம் நின்றுபோனது. கதையை நடத்தி, விதியில் தீர்ப்புச் சொல்லும் டிஎம் நான்தான். எல்லாரும் சேர்ந்து ஒரு ஃபயர் ஜயன்டை, அதாவது நெருப்பு அரக்கனை, சாய்த்தார்கள். உடனே என் மாமா பையன், கையில் பாதி வர்க்கியோடு, "அந்த வாள் எனக்கு" என்றான். அவன் பாத்திரம் பார்பேரியன் (வெறியோடு மோதும் முரட்டு வீரன்), மனிதன்.

நாங்கள் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள். மனிதன் வீசும் கிரேட்ஸ்வார்டுக்கு (இரண்டு கை பெரிய வாள்) சேதம் 2டி6, அதாவது ஆறு பக்கப் பகடை இரண்டின் கூட்டல், சராசரி 7. ஃபயர் ஜயன்ட் 'ஹியூஜ்' அளவு, மனிதனைவிட இரண்டு படி பெரிது, அதனால் பகடை மூன்று மடங்கு: 6டி6, சராசரி 21. அவன் கண் ஏன் அங்கே போனது என்று புரிகிறதா?

தன்னைவிடப் பெரிய ஆள் அளவில் செய்த ஆயுதத்தை வீசினால் டிஸ்அட்வான்டேஜ். அதாவது இருபது பக்கப் பகடையை இரண்டு முறை உருட்டி, சின்ன எண்ணைத்தான் எடுக்கணும். "அதான் தண்டனை இருக்கே, அப்புறம் என்ன?" என்றான். சரி, போட்டுப் பார்ப்போம் என்று வர்க்கிக் கவரின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.

இருபது பக்கப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடிபடும் என்று வையுங்கள், வாய்ப்பு 65 சதவீதம். டிஸ்அட்வான்டேஜில் அது 42 ஆகிறது. அவன் பலத்துக்குச் சேதத்தில் 4 கூட்டினால், சொந்த வாளில் ஒரு வீச்சுக்குச் சராசரிச் சேதம் 7.15. ஜயன்ட் வாளில் 10.5. தண்டனைக்கு அப்புறமும் லாபம்! அதுவும் இவன் பார்பேரியன். 'ரெக்லெஸ் அட்டாக்' என்ற அவன் திறமையைப் போட்டால் அட்வான்டேஜ் (இரண்டு உருட்டலில் பெரிய எண்) வந்து அந்த டிஸ்அட்வான்டேஜை அடித்துவிடும். வீச்சுக்கு 16.25. பக்கத்தில் ரோக் (பதுங்கி அடிக்கும் பாத்திரம்) ஆடுகிறவர் வீட்டுக்குப் போய்விடலாம்.

ஒரே ஒரு அளவு பெரிய வாள், 4டி6 என்றால், அதே கணக்கில் 7.6தான். அந்த இடத்தில் டிஸ்அட்வான்டேஜ் நியாயமாக நிற்கிறது. வாள் இரண்டு அளவோ அதற்கு மேலோ பெரிது என்றால் 'தூக்கவே முடியாது' என்று டிஎம் சொல்லலாம் என்று புத்தகமே இடம் கொடுத்திருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான் என்று நினைக்கிறேன்.

2003இல் வந்த மூன்றரைப் பதிப்பு (3.5) இதையே வேறு மாதிரி, கைக்குப் பிடி பொருந்துகிறதா என்று பார்த்தது. இதோ, கேமரா பக்கம் காட்டுகிறேன்: தாத்தாவின் கவாத்துக் கத்தி. தேயிலைச் செடியில் ஒரே இழுப்பில் கிளை விழணும். எடை எனக்குப் பிரச்சினையே இல்லை. பிடியைப் பாருங்கள், என் விரல் சுற்றி வந்து கட்டைவிரலைத் தொடவில்லை. இழுக்கும்போது திரும்பிக்கொள்கிறது. அந்தப் பதிப்பு இதைத்தான் பிடித்தது: ஹாஃப்லிங்குக்கு (மனிதனைவிடக் குட்டையான இனம்) செய்த லாங்ஸ்வார்டு (நீள வாள்) தனி, சேதம் டி6. மனிதனுடையது டி8, எட்டு பக்கப் பகடை. மனிதனுடையதை ஹாஃப்லிங் எடுத்தால் இரண்டு கையால் பிடிக்கணும், அடிக்கும் உருட்டலில் 2 குறையும்.

உண்மைக்கு அதுதான் நெருக்கம். ஆனால் ஆடிப் பார்த்தால் எரிச்சல். குகையில் கிடைக்கிற மந்திர வாள் எல்லாம் மனித அளவு. ஹாஃப்லிங் ஆடுகிறவர் ஒவ்வொரு புதையலுக்கும் வேடிக்கை பார்க்கணும். எனக்கு, குட்டை ஆளுக்குத் தனி வாள் என்று பிரிக்காத ஐந்தாம் பதிப்பின் சோம்பேறித்தனமே பிடித்திருக்கிறது.

ஆக, 'முடியாது' என்று தீர்ப்புச் சொன்னேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். நேற்று ராத்திரி போன்: விசார்டு (மந்திரவாதி) ஆளைப் பெரிதாக்கும் 'என்லார்ஜ்' மந்திரம் போட்டால் நான் ஒரு படி மேலே 'லார்ஜ்' ஆவேனே, அப்போது ஒரு அளவு வித்தியாசம்தானே?

சரிதான். மந்திரம் நிற்கும் ஒரு நிமிஷத்துக்கு அனுமதி உண்டு. ஆனால் வாளைக் கீழே வைத்துவிட்டுத்தான் பெரிதாகணும். கையில் பிடித்திருந்தால் அதுவும் கூடவே வளரும். அதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.