தலையை உள்ளே இழுக்காத ஆமைகள்

அனைவருக்கும் வணக்கம். ஆமையை வரையச் சொன்னால் நாம் எல்லோரும் ஒரே படத்தைத்தான் வரைவோம். கவிழ்த்து வைத்த சட்டி போல ஓர் ஓடு, அதன் முன்னால் எட்டிப் பார்க்கும் தலை. தொட்டால் அது நேராக உள்ளே போய்விடும். அடக்கத்துக்கே ஆமையைத்தான் உதாரணம் சொல்கிறோம். அப்படித் தலையை உள்ளே இழுக்கத் தெரியாத ஆமைகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒருமுறை உங்கள் கன்னத்தைத் தோளில் சாய்த்துப் பாருங்கள். ஆம், அப்படித்தான். இவை கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து, மேலோட்டின் விளிம்புக்கு அடியில் செருகிக்கொள்கின்றன. பக்கக்கழுத்து ஆமைகள் என்று பெயர். எவ்வளவு மடித்தாலும் கழுத்தின் ஒரு பக்கம் வெளியே தெரியும். ஆகவே இவற்றுக்குப் பாதிக் காவல்தான் ஓடு. மீதிக் காவல் ஆறு.

அமேசான், ஒரினோகோ ஆறுகளில் வாழும் ஒன்றின் பெயர் மாட்டா மாட்டா. நம் காதுக்கு அடம்பிடிக்கும் குழந்தையின் குரல் போல ஒலிக்கிறது! தலை தட்டையாக, முக்கோணமாக, மட்கிய இலை போல இருக்கும். கழுத்தோரம் கிழிந்த துணி போலத் தோல் தொங்கல்கள். கண்கள் மிகச் சிறியவை. மூக்கோ குழல் போல நீண்டது. ஆழமில்லாத கலங்கல் நீரில் அடித்தரையில் கிடந்தபடி, அந்த மூக்கு நுனியை மட்டும் மேலே நீட்டி மூச்சு வாங்கிக்கொள்ளும்.

இரையைத் தேடி அலைவதில்லை. ஒரு மீன் இலைக் குப்பை என்று நினைத்து முகத்தருகே வருகிறது. ஆமையின் வாய் திடீரெனத் திறக்கிறது, தொண்டை பை போல விரிகிறது. அந்த வெற்றிடத்துக்குள் தண்ணீர் பாய, அதோடு மீனும் போகிறது. கண் இமைத்தால் தவறவிட்டுவிடுவோம். பிறகு வாயை லேசாகத் திறந்து தண்ணீரை மட்டும் வெளியேற்றிவிட்டு, மீனை முழுசாக விழுங்குகிறது. மெல்லும் பழக்கமே கிடையாது. 18ஆம் நூற்றாண்டிலிருந்தே அறிவியலுக்குத் தெரிந்த பிராணிதான். ஆனாலும் இது ஓர் இனமல்ல, இரண்டு என்று மரபணு ஆய்வில் தெரியவந்தது 2020இல்தான்.

உறவு முறையைக் கேட்டால் இன்னும் வியப்பு. மாட்டா மாட்டாவின் குடும்பத்தார் தென் அமெரிக்காவைத் தவிர ஆஸ்திரேலியா, நியூகினி பக்கம் இருக்கிறார்கள். தென்கண்டங்கள் ஒட்டியிருந்த காலத்துச் சொந்தம் அது. அமேசானின் இன்னொரு பக்கக்கழுத்து ஆமையான பெரிய அர்ராவுக்கோ, கடல்களுக்கு அப்பால் மடகாஸ்கரில் ஒரே ஒரு பங்காளி மிஞ்சியிருக்கிறது. இந்திய ஆறுகளில் இன்று பக்கக்கழுத்து ஆமை எதுவும் இல்லை. ஆனால் டைனோசர் காலத்தில் இருந்தது. நம் அரியலூர் பக்கத்துக் கல்லமேட்டுப் பாறைகளில் கிடைத்த புதைபடிவத்துக்கு 2001இல் கூர்மாடெமிஸ் என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயருக்குள் நம் கூர்மம் இருப்பதைக் கவனித்தீர்களா?

இவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள ஃபிட்ஸ்ராய் ஆற்று ஆமை. 1980இல்தான் முறையாக விவரிக்கப்பட்டது. இதற்கு நுரையீரல் உண்டு. ஆனால் நீருக்கடியில் இருக்கும்போது பின்புறத் துவாரத்தின் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து, அங்குள்ள பைகளால் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. சிரியுங்கள், நானும் முதலில் படித்தபோது சிரித்தேன். அந்தப் பைகளின் உட்சுவரில் நுண்ணிய இழைகள் அடர்ந்திருக்கின்றன. மீனின் செவுளைப் போல அவை ரத்தத்தைத் தண்ணீருக்கு அருகே கொண்டுவருகின்றன. இந்த வசதி இருப்பதால், ஓடும் ஆற்றின் அடியில் நெடுநேரம் மேலே வராமலே காலம் தள்ளுகிறது.

ஆனால் அது ஓடும் நீராக இருக்க வேண்டும். பாறைகளில் மோதி நுரைக்கும் நீரில்தான் ஆக்சிஜன் நிறைந்திருக்கும். தடுப்பணைக்குப் பின்னால் தேங்கிய ஆழத்தில் அது குறைந்துவிடுகிறது. அங்கே இந்த ஆமை, மற்ற ஆமைகளைப் போல, மூச்சுக்காக மீண்டும் மீண்டும் மேலே வர வேண்டியிருக்கிறது. பறவைகளின் கண்ணில் படும் இடத்துக்கு.