அணைக்கட்டுக்குக் கீழே

நேயர்களுக்கு வணக்கம். நுரைத்துப் பாயும் ஆற்றில் ஒற்றை ஆள் உட்காரும் சின்னப் படகோடு இறங்குவதைக் கயாக் ஓட்டுவது என்கிறோம். பல வருஷமாக என் மனசு அதில்தான் கிடக்கிறது. கடலூரில் அதற்கு ஏது ஆறு என்று கேட்பீர்கள். கெடிலம் திருப்பாதிரிப்புலியூருக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் நடுவே ஊருக்குள்ளேயே ஓடினாலும் அது சமவெளி ஆறு. பாறையும் சரிவும் வேண்டுமென்றால் நாங்கள் கோழிக்கோடு பக்கம் கோடஞ்சேரிக்குத்தான் போகவேண்டும், அதுவும் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது. அமெரிக்காவில் ரிச்மண்ட் என்ற நகரத்தின் நட்டநடுவில் ஜேம்ஸ் ஆறு பாறைகளில் மோதி இறங்குகிறது. உயர்ந்த கட்டடங்களைப் பார்த்தபடியே துடுப்புப் போடலாம். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் 1972 ஒலிம்பிக்குக்கென்றே நகரத்தில் ஒரு கால்வாய் கட்டினார்கள்.

சரி, நமக்கு இதில் என்ன இருக்கிறது? கயாக் கற்றுக்கொள்பவர் முதலில் பழகுவது கரையில் நின்று தண்ணீரைப் பார்ப்பது. எது சத்தம் மட்டும் போடுகிறது, எது ஆளைப் பிடித்துவைக்கும் என்று தெரிய வேண்டும். அது ஆற்றோரம் வாழும் எல்லோருக்கும் வேண்டியதுதானே?

ஒரு ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் அக்கா மகனோடு திருவந்திபுரம் அணைக்கட்டுக்குப் போயிருந்தேன். தண்ணீர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே சீராக வழிந்துகொண்டிருந்தது. விழுகிற உயரமும் பெரிதாகத் தெரியவில்லை. “மாமா, இதுல சறுக்கி விழுந்தா ஜாலியா இருக்கும்ல?” என்றான். மேலே மிதந்து வந்த ஒரு தேங்காய் நெற்றைக் காட்டி, அதையே பார்த்துக்கொண்டிரு என்றேன். அணையைத் தாண்டி விழுந்தது, ஆளைக் காணோம். கொஞ்ச தூரம் தள்ளி மேலே வந்தது. இனி ஆற்றோடு போய்விடும் என்றுதான் அவன் நினைத்தான். அது அணைச் சுவரைப் பார்த்துத் திரும்பி வந்தது. விழுகிற தண்ணீர் மறுபடி அமுக்கியது. எழுந்தது, திரும்பியது, அமுங்கியது. நாங்கள் கிளம்பும்போதும் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருந்தது. “மனுஷன் விழுந்தாலும் இப்படித்தானா மாமா?” என்று கேட்டான். இப்படித்தான்.

விழுகிற தண்ணீர் அடிவரை போய், தள்ளி எழும்புகிறது. அதில் ஒரு பகுதி மேல்மட்டத்தில் சுவரை நோக்கித் திரும்பி ஓடுகிறது. நுரையில் காற்று நிறைந்திருப்பதால் அதில் மிதப்பதும் கஷ்டம். இயற்கையான பாறை என்றால் பக்கத்தில் எங்காவது இடைவெளி இருக்கும், தப்பலாம். தடுப்பணை கரைக்குக் கரை ஒரே மட்டம், வழியே கிடையாது. பெரிய அருவிகளில் இறங்குகிறவர்கள்கூட இந்தக் குட்டைச் சுவரைக் கண்டால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையோடு நடப்பார்கள். திரும்பவும் சொல்கிறேன், பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்: அணைக்கட்டு வழியும்போது அதன் கீழே இறங்கக் கூடாது, நீச்சல் தெரிந்தாலும்.

அமெரிக்காவில் கொலம்பஸ் என்ற ஊரில் பழைய இரண்டு அணைகளை உடைத்தே ஊருக்குள் ஆற்றை ஓடவிட்டார்கள், அதைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். அப்புறம் மிதவை அங்கி, தலைக்கவசம், அதெல்லாம் இன்னொரு நாள் பேசலாம்.

இரண்டே விஷயம். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. அதனால் வேகமான தண்ணீர் அடித்துக்கொண்டு போனால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், கால் பாறையில் சிக்கினால் தண்ணீர் ஆளை மடக்கி அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் பக்கம் நீட்டி, கைகளால் துழாவிக் கரைக்கு ஒதுங்குங்கள். வேறு யாராவது சிக்கிக்கொண்டால் பின்னாலேயே குதிக்க வேண்டாம். கரையில் நின்றபடி கயிறோ மூங்கில் கழியோ நீட்டுங்கள், எதுவும் இல்லையென்றால் வாய் மூடிய காலி கேனை வீசுங்கள், 112-க்குப் போன் செய்யுங்கள். தை ஐந்தாம் தேதி ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணையாற்றுக்குப் போகும்போது, வண்டியில் ஒரு நீளக் கயிறு கிடக்கட்டும். வணக்கம்.